பினாங்கு மீனும் பந்தல்குடி அயிரையும்

ஆவுடைத்தாயின் புருசன் செத்துவிட்டான் என்று பரளச்சியில் எல்லோரும் முடிவுகட்டி மூன்று வருசம் ஆனபிறகு, நாற்பத்தாறாம் வருசம் வைகாசி மாசத்து உச்சிவெயிலில் அவன் வாசலில் வந்து நின்றான். பேர் உக்கிரபாண்டி. ஒன்பது வருசத்துக்கு முன்னால் மலாயாவுக்குத் தோட்டவேலைக்குப் போனவன். யுத்தம் வந்ததும் கடுதாசி நின்றுபோனது. இப்போது எலும்பும் தோலுமாக, கக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியை இடுக்கிக்கொண்டு நின்றான். ஜாடிக்குள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு மீன், மயில்கழுத்து நிறம்.

ஆவுடைத்தாய் அழக்கூட இல்லை. காலையிலிருந்து பருத்திமார் பிடுங்கி இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீகளா" என்று மட்டும் கேட்டாள்.

"வந்துட்டேன். இத நெழல்ல வையி."

கப்பலுக்காகப் பினாங்கில் ஐந்து மாசம் காத்துக் கிடந்தபோது, மீன் விற்கும் சீனன் ஒருவன் கடையில் தண்ணீர் சுமந்திருக்கிறான். கிளம்புகிற அன்றைக்குச் சீனன் கொடுத்தது இந்த மீன். சண்டைமீன் என்றான் உக்கிரபாண்டி. இதன் ஜாதியில் இன்னொரு ஆணைச் சேர்த்து விட்டால் ரெண்டில் ஒன்று செத்தால்தான் ஓயுமாம். அவன் அதிகம் பேசியது அந்த மீனைப் பற்றித்தான். மற்றபடி முற்றத்து வேம்படியில் சுருண்டு கிடப்பான். கூப்பிட்டால் கஞ்சி குடிப்பான்.

ஊர்க்கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் மீன் தாங்காது. நல்ல தண்ணீர் என்றால் ரெண்டு மைல் தள்ளி ஊரணிதான். விடியுமுன்னே போய் ஒரு குடம் சுமந்து வருவாள் ஆவுடைத்தாய். அதில் மூன்று நாளைக்கு ஒருதரம் ரெண்டு செம்பு மீனுக்குப் போனது.

"மனுசருக்கே நாக்கு நனைக்கத் தண்ணியில்ல. மீன் வளக்குறாகளாம் மீனு" என்றாள் பக்கத்துவீட்டுப் பேச்சி.

"கெடக்கு மதினி. அவுகளுக்கு வேற என்ன இருக்கு" என்றாள் ஆவுடைத்தாய். சொன்னாளே தவிர, ஒவ்வொரு செம்பு ஊற்றும்போதும் அவளுக்குத் தோள்பட்டை கடுத்தது.

ஆனியில் அவனுக்குக் குளிர்க்காய்ச்சல் திருப்பிக்கொண்டது. சயாம் காட்டில் பிடித்த காய்ச்சலாம், விட்டுவிட்டு வரும். நாலு சாக்கைப் போட்டு மூடியும் உடம்பு கிடந்து தூக்கிப் போட்டது. மீனுக்குக் கொசுப்புழு பிடித்துப் போடுகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. ஒருநாள் ஊரணியில் மொண்ட குடத்தோடு ரெண்டு கெண்டைக்குஞ்சு வந்துவிட்டது. ஒத்தையில கெடக்கே, தொணைக்கு இருக்கட்டுமே என்று ரெண்டையும் ஜாடிக்குள் விட்டாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் சண்டைமீனின் வால் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. கெண்டைகள் விடாமல் துரத்தித் துரத்திக் கடித்துக்கொண்டிருந்தன. ஆவுடைத்தாய் கையை விட்டுக் கெண்டைகளைப் பிடித்து வெளியே எறிந்தாள். அவனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வானோ என்று ஜாடியை மறைக்கப் போனவள், அவன் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள்.

அவன் கோபிக்கவில்லை. "எடம் பத்தாது புள்ள. அதான் கடிக்குது" என்றான். பிறகு கூரை மோட்டைப் பார்த்தபடி பேசினான்.

"சயாமுக்கு ரயில்பாதை போட எங்கள இழுத்துட்டுப் போனான் சப்பாங்காரன். ஒரு கொட்டகையில எரநூறு பேரு. கால நீட்ட எடமில்ல. எம்பக்கத்துல பந்தல்குடி சங்கரலிங்கம் கெடந்தான். காய்ச்சல்ல அவனுக்குச் சோறு எறங்கல. மொத நாளு அவனே எனக்குக் குடுத்தான். ரெண்டா நாளு நானா எடுத்துக்கிட்டேன். மூணா நாளு கையை நீட்டிக் கேட்டான். நான் குடுக்கல. விடிஞ்சு பாத்தா செத்துக் கெடந்தான்."

ஆவுடைத்தாய் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். அந்தக் கஷ்டத்தை அவளால் எடைபோட முடியவில்லை. "அவுக வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சொல்லணும்ல."

காய்ச்சல் விட்டதும் ரெண்டு பேரும் பந்தல்குடிக்கு ஒரு பார வண்டியில் தொத்திக்கொண்டு போனார்கள். சங்கரலிங்கத்தின் பெண்டாட்டி கஸ்தூரி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது. உக்கிரபாண்டி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், சோற்றையும் மறைக்காமல்.

கஸ்தூரி ஒன்றுதான் கேட்டாள். "எந்த மாசம்?"

"மாசி. கெழமை தெரியல, தாயி."

அவள் உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. வெயில் சாயும்வரை இருவரும் வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை. எழுந்து நடந்தார்கள்.

கண்மாய்க் கரையில் அவன் நின்றான். தண்ணீர் வற்றி நடுவில் ஒரு குட்டைதான் மிச்சம்.

"வந்தது வந்தோம். நாலு அயிரை பிடிச்சுக்கிருவோம்" என்றான்.

"இப்ப எதுக்கு?"

"தொணைக்குன்னியே. கெண்டை ஆகாது, வாலைக் கடிக்கும். கெளுத்தி முள்ளு வச்சிருக்கும். விரால் குஞ்சு வளந்தா இதையே முழுங்கிரும். அயிரை தரையோட தரையா மேயும். இதுவோ மேல வந்து மூச்சு வாங்குற ஜாதி. அதது அதும்பாட்டுக்கு இருக்கும்."

சேற்றில் இறங்கித் துண்டால் அரித்து அஞ்சு அயிரை பிடித்தான். கொண்டுபோன கஞ்சிக் கலயத்தில் தண்ணீரோடு விட்டு, ரெண்டு நத்தையும் எடுத்துக்கொண்டான். ஆவுடைத்தாய் கரையில் உட்கார்ந்து வலித்த காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஜாடி போதாது என்று அவளே சொன்னாள். மழை பொய்த்த வருசம் மாட்டை விற்றதிலிருந்து தொழுவத்துக் கல்தொட்டி சும்மா கிடந்தது. புண்ணாக்கு வாடை போகத் தேய்த்துக் கழுவி மூன்று நாள் காயவைத்தார்கள். அடியில் ஆற்றுமணல், மேலே உடைந்த பானையோடு, கொஞ்சம் வேலம்பாசி. ஊரணித் தண்ணீரை இரண்டு நாள் வெறுமனே நிற்கவிட்டான். வாய்வரை நிரப்பாமல் அரையடி விட்டான், மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க ஓலைத்தட்டியால் மூடினான். முதலில் அயிரை, பிறகு நத்தை, ரெண்டு நாள் கழித்துத்தான் சண்டைமீன்.

அது செவுளை விரித்துக்கொண்டு ஒருதரம் சுற்றிப் பார்த்தது. அயிரைகள் மணலுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு கண்டுகொள்ளவே இல்லை. பிறகு அதுவும் பாசிக்குள் போய் நின்றுகொண்டது.

"அம்புட்டுதான்" என்றான் உக்கிரபாண்டி.

ஆவணிக்குள் வால் முக்கால்வாசி வளர்ந்துவிட்டது. அவனுக்குக் காய்ச்சல் இன்னும் ரெண்டுதரம் வந்து போனது. ஐப்பசியில் மழை பெய்து, பக்கத்திலேயே பள்ளத்தில் நல்ல தண்ணீர் தேங்கிய ரெண்டு மாசம் ஆவுடைத்தாய் ஊரணிக்கு நடக்கவில்லை. அவன் காட்டுவேலைக்கு வர ஆரம்பித்தான். அரைநாள் நிற்பான், அப்புறம் வரப்பில் உட்கார்ந்துவிடுவான். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

மாசி பிறந்து நாலாம் நாள், பந்தல்குடியிலிருந்து பருத்தி ஏற்ற வந்த வண்டிக்காரர் சீனிச்சாமி வாசலில் நின்று சேதி சொன்னார். "வார அமாவாசைக்கு கஸ்தூரியம்மா அவுக வீட்டுக்காரருக்குத் திதி குடுக்குறாக. ஒங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாக."

உக்கிரபாண்டி தொழுவத்துக்குள் போய்விட்டான். ஆவுடைத்தாய்தான், "வாரோம்னு சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அன்றைக்கும் இடுப்பு வலித்தது, அடுத்த வாரம் பருத்தி எடுப்பும் கிடந்தது. ஆனாலும் உள்ளே போய், அவனுடைய ஒரே வெள்ளைவேட்டியை எடுத்து ஊறப்போட்டாள்.