மடியாத முழங்கால்

சண்டையால் படகோட்டம் நின்றுபோன ஆண்டில் என் மூத்த மகளின் வலது காலில் பிளாஸ்டர் இருந்தது. பாடசாலையில் உயரம் பாயப் பழகியபோது விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெடித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தொடையிலிருந்து பாதம்வரை பிளாஸ்டர் போட்டு, ஆறு கிழமையில் வந்து கழற்றச் சொன்னார்கள். அதற்குள் எங்கள் நெடுந்தீவிலிருந்து படகே இல்லாமற் போயிற்று.

"டொக்டர் போட்டதை டொக்டர்தான் கழட்ட வேணும்" என்றார் என் கணவர். ஊரும் அதையே சொன்னது. வீட்டில் வெட்டினால் எலும்பு விலகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். மாதங்கள் போயின. உள்ளே பூச்சி ஊர்கிறது என்று அவள் அழத் தொடங்கியபிறகுதான் வெந்நீரில் ஊறவைத்து, மீன் வெட்டும் கத்தியால் பிளந்தோம். எலும்பு பொருந்தியிருந்தது. முழங்கால் மடியவில்லை.

முழங்கால் மடிவதால்தான் பாதம் நிலத்தில் தட்டாமல் முன்னே போகிறது என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை. அவள் இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்புறமாகச் சுழற்றி வைத்தாள்.

"அக்கா கவராயம் மாதிரி வட்டம் கீறுறா" என்றாள் சின்னவள்.

"கிட்ட வா, உன்ர தலையில கீறிக் காட்டுறன்."

அப்போது சிரிக்க முடிந்தது.

எங்கள் நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே கல். அதனால் பதுங்குகுழி ஆழமில்லை; மேலே பனங்குற்றி அடுக்கி, வாயைச் சிறிதாக விட்டிருந்தோம். குந்தியபடிதான் உள்ளே நகரலாம். ஹெலி வந்த காலையில், கால் ஏலாத பிள்ளை என்று அவளை முதலில் விட்டோம். நீட்டிய கால் உள்ளே போனது; உடம்பை வளைக்க முடியாமல் வாயிலேயே இறுகிவிட்டாள். பின்னால் நான், சின்னவள், பக்கத்து வீட்டார். மேலிருந்து சுட்ட சன்னம் பட்டு மதிற்கல் தெறித்தது. கணவர் அவளை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தார். யாருக்கும் காயமில்லை.

"வாயைப் பெருப்பிப்பம்" என்றார் அவர்.

"பெருப்பிச்சா சன்னம் உள்ளுக்க வரும், அண்ணை" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. வாயை அப்படியே விட்டோம்.

அன்றிலிருந்து அவளைக் குப்புறப் படுக்கவைத்து, குதிக்காலைப் பிடித்து மடக்கினேன். "இன்னும் அமத்துங்கோ அம்மா" என்பாள், தலையணையைக் கடித்தபடி. சற்று மடிந்தது. குந்தும் அளவுக்கு இல்லை.

அடுத்தமுறை இரைச்சல் கேட்டபோது அவள் மதிலோடு ஒதுங்கி நின்றாள்.

"நான் இறங்கினா வழி மறிபடும். நீங்கள் இறங்குங்கோ."

எல்லோரும் இறங்கினார்கள். உள்ளிருந்து கணவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நான் போகவில்லை. மதிலோடு இருவரும் படுத்தோம். அவளுடைய நீட்டிய காலின்மேல் என் காலைப் போட்டு மறைத்தேன். அது எதைத் தடுக்கும் என்று எனக்குத் தெரியாது.