கைப்பிடி அரிசி கேஸ்

போன சனிக்கிழமை எங்கள் கமிட்டி ஒரு குற்றவாளியை விசாரித்தது. குற்றவாளிக்கு வயது எட்டு. முன்பற்கள் இன்னும் முழுதாக முளைக்கவில்லை.

எந்தக் கமிட்டி என்று கேட்பீர்கள். தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளுக்காக நாகர்கோவிலில் எங்கள் சபையார் நடத்தும் ஓர் இல்லத்தின் கமிட்டி. சென்ற ஆண்டு என் மனைவி காலமான பிறகு, எனக்கு நேரம் நிறைய இருப்பதாக ஊரில் ஒரு வதந்தி பரவியது. ஒருவனுக்கு நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் கமிட்டிகள் சும்மா விடுமா?

இந்த இல்லம் நடப்பது பிடியரிசியால். எங்கள் சபை வீடுகளில், உலையில் அரிசி இடும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிறுதோறும் ஒருவர் பையோடு வந்து வாங்கிப் போவார். ஊரார் கைப்பிடிகள் எல்லாம் சேர்ந்து இல்லத்தின் உலையில் கொதிக்கும். இல்லத்தில் மட்டும் பிடியரிசி எடுக்கும் வழக்கமில்லை. வாங்குகிற இடத்தில் கொடுப்பது யார்?

இந்த வருஷம் இல்லத்துக்கு ஒரு புதுமை வந்தது. அமெரிக்காவில் மனோதத்துவம் படித்துத் திரும்பிய ஒரு புரொபஸர், பி.ஏ. மாணவர்கள் புத்தகம் படித்தால் போதாது, நடத்தை கோணிய பிள்ளைகளோடு நேரில் பழகிப் பயிற்சி பெறவேண்டும் என்று முடிவு செய்தார். சனிக்கிழமைதோறும் பயிற்சி. மாணவன் ஒருவனுக்குப் பிள்ளை ஒன்று. மன்னிக்கவும்... பிள்ளை அல்ல, 'கேஸ்'.

எங்களுக்கு வாய்த்தவன் தாணுலிங்கம். சுசீந்திரம் ரத வீதிப் பையன். வந்த முதல் நாள் பிள்ளைகள்தாம் அவனை ஆராய்ந்தார்கள். மீசை ஒட்டு மீசையா என்று ஒருத்தி இழுத்தே பார்த்துவிட்டாள்.

அவனுடைய கேஸின் பெயர் ரூத். இராஜாக்கமங்கலம் பக்கத்துப் பிள்ளை. தாய் காலராவில் போய்விட, இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுக்களையில் உதவும் முறை இவளுக்கு வரும்போதெல்லாம், உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி மறைந்துவிடும். மேட்ரன் அம்மாள் இரண்டு முறை கையும் களவுமாகப் பிடித்தார். மூலையில் நிறுத்தியும் பார்த்தார், மிட்டாய் கொடுத்தும் பார்த்தார். வாய் திறந்தால்தானே?

தாயன்பு கிடைக்காத பிள்ளை அதை அரிசியாகச் சேமிக்கிறது என்றார் புரொபஸர். எங்கள் செக்ரட்டரி வக்கீல். அவர் திருட்டு என்று சுருக்கமாக முடித்தார். மறுபடியும் பிடிபட்டால் திருவனந்தபுரத்துச் சீர்திருத்த விடுதிக்கு அனுப்பிவிடுவது என்று தீர்மானம். அங்கே போய்வந்த பெண்ணை ஊரில் ஒருவரும் வீட்டு வேலைக்குக்கூடச் சேர்ப்பதில்லை. தெரிந்துதான் தீர்மானித்தோம்.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் பிடிபட்டாள். சனிக்கிழமை விசாரணை.

"ஏட்டி, வாயத் தொற. என்னத்துக்குத் திருடினே?" என்றார் மேட்ரன் அம்மாள்.

ரூத் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கது காதுல விழுதா இல்லியா? திருடினியா, இல்லியா?"

பல்லி நகர்ந்தது. ரூத் நகரவில்லை.

"பிரதிவாதி பதில் சொல்ல மறுக்கிறாள். மேலே போகலாமா?" என்றார் செக்ரட்டரி.

பயிற்சிக்கு வந்தவன் கமிட்டியில் பேசக்கூடாது என்பது எங்கள் சட்டம். கேஸிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக்கூடாது, கவனிக்க மட்டும் வேண்டும் என்பது புரொபஸரின் சட்டம். கதவோரம் நின்ற தாணுலிங்கம் இரண்டையும் ஒரே மூச்சில் மீறினான். அவள் முன்னால் போய்க் குந்தினான்.

"மக்கா, அந்த அரிசி இப்பம் எங்க இருக்கு?"

"கலயத்துல."

"கலயம் எங்க?"

"பொறத்தே. வெறகுக்குப் பின்னால."

கமிட்டி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வரிசையாக விறகுப் புரைக்குப் போனது. வாய் உடைந்த ஒரு கலயம். மேலே வாழையிலைத் துண்டு. இலையை எடுத்தால், விளிம்பு வரை அரிசி. அதில் வண்டுகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தன. ஒரு மணியைக்கூட அவள் தின்றதாகத் தெரியவில்லை.

"இது என்னதுக்கு மக்கா?"

இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"பிடியரிசி. எங்க அம்மை எடுப்பா. இப்பம் நான் எடுக்கேன். வாங்கதுக்குத்தான் ஆளு வரல்ல."

மேட்ரன் அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சவத்துப் பிள்ளே... இத மொதல்லயே சொன்னா என்ன?"

"நீங்க திருடினதத்தான கேட்டிய?"

பிடியரிசி தின்று நடக்கும் இல்லத்தில், பிடியரிசி கொடுத்த ஒரே ஆளைப் பிடித்து நாங்கள் திருட்டு விசாரணை நடத்தியிருக்கிறோம். இப்படி ஒரு காரியத்தைப் படிக்காதவர்கள் செய்வார்களா? அதற்கு ஒரு கமிட்டி வேண்டும்.

திருவனந்தபுரம் தீர்மானம் ரத்தாயிற்று. உடனே அடுத்த சிக்கல். இல்லம் தனக்குத்தானே பிடியரிசி கொடுத்துக்கொள்ள விதியில் இடம் உண்டா? இதை வெகுநேரம் வாதித்தோம். கடைசியில், ரூத்தின் கலயத்தையும் ஞாயிறுதோறும் முறைப்படி ஒருவர் வந்து வாங்கவேண்டும் என்று முடிவாயிற்று. யார் வருவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நேரம் இருக்கிற மனிதன் அல்லவா?

வெளியே வந்தபோது தாணுலிங்கத்துக்கு முகம் வாடியிருந்தது.

"சாரே, எனக்க கேஸ் போச்சே. பொரபஸருக்கு என்ன பதில் சொல்ல?"

"கமிட்டியை எடுத்துக்கொள்ளேன்" என்றேன். "ஆயுள் முழுவதும் ஆராயலாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, துணிப்பையோடு போனேன். என் எம்.ஏ. பட்டத்துக்குப் பொருத்தமான உத்தியோகம்தான். வண்டு போகப் புடைத்த அரிசியோடு ரூத் காத்திருந்தாள். கொட்டுவதற்கு முன்னால் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பை காலியா கெடக்கே. ஒங்க வீட்டுல எடுக்கல்லியா?"

"எடுக்கதுக்கு ஆளு இப்பம் இல்ல, மக்கா."

கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க அம்மையும்தான் இல்ல" என்றாள். பிறகு கலயத்தைச் சாய்த்தாள்.

எங்கள் வீட்டு அடுக்களைப் பலகையில் ஓர் ஆண்டாகக் கவிழ்ந்து கிடந்த சிறு கலயத்தை அன்று மாலை நிமிர்த்தி வைத்தேன். ஆண் கை பாருங்கள் — பிடி கொஞ்சம் பெரிதாகத்தான் விழுகிறது.