பிரேக் இல்லாத பலகை

என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்கும். குடிப்பழக்கமெல்லாம் கிடையாது, சத்தியமாக. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பதினைந்து வருடமாக மெஷின்மேன். நாள் முழுக்க அதிர்கிற மெஷினில் கை வைத்து நின்றவருக்கு, ஆமத்தூருக்கு வீடு வந்து சேர்ந்த பிறகும் கை மட்டும் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். காபி டம்ளரை முக்கால்தான் நிரப்பிக் கொடுப்பேன். அந்தக் கையை நம்பித்தான் என் தம்பி குவைத்திலிருந்து ஒரு வீடியோ கேமராவை அனுப்பி வைத்தான்.

எங்கள் கடைசித் தங்கச்சியின் கல்யாணம். அதற்காக உழைத்தவன் தம்பி, லீவு கிடைக்காதவனும் அவனேதான். "அத்தான், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருக்கணும்" என்று போனில் சொன்னான். இவருக்கு அதைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. வீடியோவுக்கு வெளியாளே வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒத்திகைக்காக, இருக்கன்குடியில் நாத்தனார் பிள்ளைக்கு மொட்டை போட்டதை எடுத்து சி.டி. அனுப்பினார். தம்பி போன் செய்தான். கோயில் கோபுரமே ஆடுகிறது, பாதியில் எழுந்துபோய் எலுமிச்சம்பழம் தேடினேன் என்றான். இவர் மூன்று நாள் கேமராவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவைத்தார்.

நான்காம் நாள் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிட்டார். கேமரா ஆடாமல் இருக்க வெளிநாட்டில் பெரிய பெரிய சாமான் விற்கிறார்களாம், விலையைக் கேட்டால் நம் வீட்டையே எழுதிக் கொடுக்க வேண்டுமாம், ஆனால் அதைப் பார்த்து அங்கே ஆளாளுக்கு வீட்டிலேயே செய்துகொள்கிறார்களாம். அவர்கள் செய்யும்போது நான் செய்ய மாட்டேனா என்றார்.

முதலில் வந்தது குழாய். ஒன்றரை அடித் தண்ணீர்க் குழாய், உச்சியில் கேமரா, அடியில் என் சமையலறையிலிருந்து காணாமல் போன இரண்டு கிலோ எடைக்கல். அடியில் கனம் இருந்தால் மேலே ஆடாதாம். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முழங்காலை மடக்கித் தெருவில் நடந்து பழகினார். எதிர் வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு மூலமா? வைத்தியம் எதும் பாக்குறீகளா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லுவதைவிட அது கௌரவமாக இருந்தது.

குழாய் கைவலியில் முடிந்தது. அடுத்துதான் பலகை. அச்சகத்தில் கழித்துப்போட்ட மெஷினிலிருந்து இரண்டு நீளக் கம்பிகளைக் கேட்டு வாங்கிவந்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. அவற்றைத் தண்டவாளம் போல ஒரு சட்டத்தில் பூட்டி, என் மசாலா டப்பா அலமாரியின் நடுப்பலகையை உருவி, அதன் அடியில் எட்டு பேரிங்குகளைச் சாய்வாக வைத்து ஓடவிட்டார். அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவுகிற பவுடர் கொஞ்சம் பொட்டலம் கட்டிவந்து கம்பியில் தடவினார். கேமராவைப் பலகையில் வைத்து ஒரு விரலால் தொட்டால் போதும், எண்ணெயில் விட்ட மாதிரி போகும். அடுக்களைத் தரையில் என் வெங்காயங்களை வரிசையாக உட்காரவைத்து ஏழு தடவை படம் எடுத்தார். டிவியில் போட்டுப் பார்த்தோம். பொய் சொல்லக் கூடாது, வெங்காயம் அவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எல்லாஞ் சரி, பிரேக்க எங்க வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

"பிரேக்கு எதுக்கு? நிறுத்த நான் இருக்கேன்ல" என்றார்.

கல்யாணத்தன்று மேடைக்கு எதிரே பந்தி பெஞ்சு இரண்டைப் போட்டு அதன்மேல் கம்பிகளை வைத்தார். பெஞ்சு ஒரு பக்கம் லேசாகச் சரிவு. கை பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். பட்டுச்சேலையில் வந்து நின்ற அம்மா கேமராவை உற்றுப் பார்த்தாள். "இதுல எம்பிள்ள பாப்பானா மாப்ள?" என்று கேட்டாள். நேரா உங்களைத்தான் பார்ப்பான் என்றார் இவர்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். தன் பிள்ளையோடு போனில் பேசத் தெரியாதவள். அவனுக்குக் காசு ஓடுகிறதே என்ற பதற்றத்தில், "நல்லாருக்கியா, வைக்கட்டுமா" என்று கத்திவிட்டு என்னிடம் நீட்டிவிடுவாள். கல்யாணத்துக்கு அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தாலி கட்டும்போது வாசலில் வெடிக்க, அவர்கள் கையாலேயே பின்னிய பத்தாயிரம் வெடிச் சரம் ஒன்று வந்திருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சரவெடி என்றால் வெறும் சத்தம் இல்லை. நடுவில் அறுபடாமல் போகிறதா, எத்தனை வெடி ஊமையாகிறது என்று காது தானாகவே கணக்கெடுக்கும். கெட்டிமேளம் கொட்டியது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், வாசலில் சரம் பற்றியது. மொத்த மண்டபமும் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. நானும்தான். என் வீட்டுக்காரரும் பலகையிலிருந்து கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசி வெடிவரை அறுபடவில்லை. "அருமையான சரம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பலகை அந்தக் கோடியில் நிற்கிறது.

சாயங்காலம் டிவியில் போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார், குனிகிறார். அவ்வளவுதான். படம் அதுபாட்டுக்கு மெதுவாக நகர்கிறது. மாப்பிள்ளையின் தோள், குத்துவிளக்கு, பழத்தட்டு. இவர் வாழ்நாளில் எடுத்ததிலேயே ஆடாத படம் அதுதான், அதில் இவர் கையே இல்லை. மேடையின் ஓரத்தில் நின்ற அம்மாவிடம் போய் நின்றுவிட்டது. எல்லோரும் வாசலைப் பார்க்க, சரம் பின்னியவள் மட்டும் திரும்பவில்லை. தன்னை எடுக்கத்தான் இவர் கேமராவை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் போல. கிட்ட வந்து குனிந்து, அதற்குள் பார்த்து என்னவோ சொல்கிறாள். வெடிச்சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைகிறது.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. திரும்ப ஒரு தடவை கட்டுகிற மாதிரி நின்றால் எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று புதுமாப்பிள்ளையிடம் கெஞ்சிப் பார்த்தார். அம்மா போட்ட சத்தத்தில் கேமராவை எடுத்துப் பையில் வைத்துவிட்டார். எனக்கோ கேலி செய்ய நாக்கு துறுதுறுத்தது, ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. அப்படி என்னதான் சொன்னாய் என்று அம்மாவிடம் கேட்டேன். ஒண்ணுமில்ல, போ என்றாள். இருந்ததை அப்படியே சி.டி. போட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் வைத்து அனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பியின் போன் வந்தபோது அம்மா எங்கள் வீட்டில் இருந்தாள். இவர் போனை எடுக்கவே இல்லை, கொல்லைப்புறம் போய்விட்டார். நான்தான் எடுத்தேன். தாலி கட்டினதைப் பற்றித் தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் கொடு என்றான்.

அம்மா வழக்கம்போல நின்றுகொண்டே வாங்கினாள், வழக்கம்போலக் கத்தப் போனாள். அதற்குள் அவன் பேசிவிட்டான். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"நீ கேட்டியேம்மா. சாப்பிட்டேன்."

அம்மா போனை என்னிடம் நீட்டவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, "என்னய்யா சாப்பிட்ட?" என்று கேட்டாள்.