மறைத்த இரண்டு இட்லி

கொல்லிமலையின் குண்டனி நாட்டில் மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிறோம். எனக்குக் கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க நாமக்கல்லில் நாள் குறித்திருந்தார்கள். காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தலை சுற்றவே, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, "ஒண்ணும் சாப்பிடலீங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, இந்த உதிரப்போக்கோடு இன்னும் எத்தனை மாதம் அல்லாடுவது என்று பயம். கட்டிலில் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன், மறுபடி படுத்தேன். "ஏம்புள்ள, பயமா இருக்குதா?" என்று கணவர் கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

தியேட்டர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனபோதுதான் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். "டாக்டரம்மா, காலையில ரெண்டு இட்லி தின்னுட்டனுங்க."

அவர் சட்டென்று வண்டியை நிறுத்தினார். "மயக்கத்துல அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள்ள போனா உயிருக்கே ஆபத்தும்மா. நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க."

என்னைத் திருப்பி அனுப்பவில்லை. மறுநாள் காலையே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரே ஒரு நாள் தாமதத்துக்குப் பயந்தா உயிரைப் பணயம் வைத்தேன்!

இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறேன். நர்ஸுகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

— ஒரு வாசகி, கொல்லிமலை