டேங்கர் மேல் வெறுங்கால்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? உங்க பக்கம் மழை உண்டா? இங்கே வெறும் மேகம்தான்.

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில், கையில் மாவுக்கட்டோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டைப் பார்த்ததும் எங்கள் மாட்டுக்குக் கால் முறிந்தது ஞாபகம் வந்தது. அது பெரிய கதை, விடுங்கள்.

ஆசிட் ஏற்றும் கம்பெனியில், டேங்கர் மேல் ஏறி மூடி திறக்கிற வேலையாம் அவருக்கு. மேலேயிருந்து விழுந்துவிட்டார்.

"வழுக்கிடுச்சாண்ணா?" என்றேன்.

கூட வந்த அவர் மனைவி முந்திக்கொண்டார். "கம்பெனி குடுத்த ஷூவ கீழ கழட்டி வச்சிட்டு ஏறியிருக்காருங்க!"

"பூஜ போட்ட வண்டிடி. ஷூவோட எப்படி மிதிக்கிறது?"

"அப்போ விழாம பிடிச்சுக்கிற பெல்ட்ட ஏன்யா மாட்டல? அதுவும் சாமிக்காகவா?"

அவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். மனைவி என் பக்கம் திரும்பினார்.

"கை சரியானா திரும்ப அங்கதாங்க போவாரு. அதான் பெரிய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஷூவும் பெல்ட்டும் இல்லாம ஏற மாட்டேன்னு சாமி முன்னாடி சொல்லட்டும்."

"உங்கிட்ட சொன்னா போதாதா?"

"எங்கிட்டதான் எப்பவும் சொல்றியே!"

கோயில் ஸ்டாப் வந்தது. இறங்கும்போது அவர் சொன்னார்.

"சரி, சொல்றேன். ஆனா வண்டிகிட்டயும் ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுக்கணும்."

ஷூவோடு ஏறினால் சாமி கோபித்துக்கொள்ளுமா, நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால், சாமிக்கு அவர் காலில் ஷூ இருந்தாலும் பரவாயில்லை, கை உடையாமல் இருந்தால்... வீட்டில் கூப்பிடுகிறார்கள். இதோ வர்றேன்டி, கத்தாத!