ஜின் கலக்கும் மேனேஜர்

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்து ஹோட்டல் பாரில் கோகுல்ராஜுக்கு வேலை. ஜேடர்பாளையத்துக்காரன், அப்பாவுக்கு வாழைத்தோட்டம். ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் அவன் கலக்கும் ஜின்னுக்காகவே பெங்களூர்க்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள். நார்த்தங்காய்த் தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவான். அந்தப் பாகில் கொஞ்சம், சாத்துக்குடிச் சாறு, எலுமிச்சை. இதை நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பும் இனிப்பும் சரியாக நின்ற பிறகுதான் உயரமான கிளாஸில் ஐஸோடு ஊற்றி, ஜின்னும் சோடாவும் சேர்ப்பான்.

ஊரில் இதெல்லாம் எடுபடுமா? பார் என்றதுமே இரண்டு பெண்வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அம்மா சௌந்திரம் பொறுத்துப் பார்த்தார். அடுத்த வரனிடம், "பையன் ஹோட்டல்ல மேனேஜருங்க" என்று அடித்துவிட்டார். கோகுல்ராஜ் கத்தினான்.

"நீ சும்மா இரு சாமி, கண்ணாலம் முடியட்டும்."

ஜாதகமும் பொருந்திவிட்டது. பெண்ணின் பெயர் மதுமதி. அது வேறு அவனுக்குப் பிடித்துத் தொலைத்தது. இதுவும் தட்டிப்போகக் கூடாதே என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜாதகம் பொருந்தினால், போட்டோ கூடப் பார்க்காமல், பையன் வேலை செய்யும் இடத்துக்குத்தான் முதலில் விசாரிக்கக் கிளம்புவார்கள். ஒரு சாயங்காலம் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி, இங்க மேனேஜர் கோகுல்ராஜுன்னு ஒருத்தரு... ஆளு எப்படிங்க? நான் திருச்செங்கோடு வேலுமணிங்க. எம்பொண்ணைக் குடுக்கலாம்னு இருக்கறமுங்க."

தங்கமான ஆள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரைக்கும் வந்தது. மனசு கேட்கவில்லை.

"நாந்தானுங்க அது. மேனேஜர் இல்லீங்க, ஜின் கலக்கிக் குடுக்கறவன். அம்மா பொய் சொல்லீட்டாங்க."

வேலுமணி அவனையே பார்த்தார். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டான் கோகுல்ராஜ்.

"குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"சரி, ஒண்ணு கலக்குங்க."

அவசரத்தில் பாகு கூடிவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தவன், கொட்டிவிட்டு மறுபடி கலந்தான். வேலுமணி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாங்கி, பாதியைக் குடித்தார். அக்கம்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மதுமதி பி.இ. முடிச்சிருச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லியிருந்தமுங்க" என்றார். "இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கிங்க, மாப்பள."