சுண்ணாம்பு தேய்க்காத டயர்

கரமனையில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் தாணுலிங்கம் இப்போது ஜீப்பைத் தொடுவதில்லை. கார், வேன் எது வந்தாலும் ஒடுக்கு எடுத்துக் கொடுப்பார். ஜீப் வந்தால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். கிறுக்கு என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் ஸ்ரீவராகத்தில் அவருக்கு எதிர்வீட்டுக்காரன். அன்று காலை தெருவில்தான் நின்றிருந்தேன்.

ஒரு காலத்தில் மலையேறும் ஜீப்புக்கு அகல டயர் போட வேண்டுமென்றால் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். பெரிய டயர் மட்கார்டில் இடிக்கும். அதனால் மட்கார்டை வெட்டி, வெளியே தள்ளி நிற்கும் டயரை மூட ஃப்ளேர் என்கிற வளைவுத் தகட்டை வைத்து போல்ட் அடிப்பார். அதோடு விடமாட்டார். டயரில் ஈரச் சுண்ணாம்பைத் தேய்த்து, பக்கத்து ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டு வண்டி நிறைய உட்காரவைப்பார். ஆள் ஏறினால் வண்டி தாழும். ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடித்து, குழியில் இறக்கி ஏற்றுவார். உள்ளே எந்த போல்ட் முனையில் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ, அதை அறுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

தொண்ணூற்றெட்டில் எங்கள் தெரு ஹரிகுமார் தன் ஜீப்பைக் கொண்டுவிட்டார். வண்டியின் பவிசைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். ஃப்ளேர் மாட்டி முடித்த சனிக்கிழமை ஹர்த்தால். ஸ்டாண்டில் ஈ காக்கை இல்லை. ஆளை ஏற்றாமல் சுண்ணாம்பு தேய்த்து என்ன பயன்? திங்கட்கிழமை பார்த்துத் தருகிறேன் என்றார் தாணுலிங்கம். ஹர்த்தால் முடிந்த சாயங்காலமே ஹரிகுமார் வந்துவிட்டார்.

"கொள்ளாம் அண்ணே, ஜோராயிட்டு இருக்கு" என்று ஃப்ளேரைத் தட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை என்றதைக் காதில் வாங்காமல் வண்டியை எடுத்துப் போனார்.

மறுநாள் காலை அந்த ஜீப் தெருவில் நின்றது. போணக்காடு எஸ்டேட்டுக்குப் போகிறார்களாம். ஹரிகுமார் வீட்டார் போதாதென்று தாணுலிங்கத்தின் மனைவி செல்லபாயும் மகள் அஜிதாவும் ஏறியிருந்தார்கள். அஜிதாவின் மடியில் ஹரிகுமாரின் சின்ன மகள் ஷில்பா.

குளித்த ஈரத்தோடு வெளியே வந்த தாணுலிங்கம் குனிந்து, டயருக்கும் ஃப்ளேருக்கும் நடுவே கையை விட்டார். இரண்டு விரலுக்குமேல் நுழையவில்லை. வெளியே எடுத்தபோது விரல் நுனியில் ரத்தம். போல்ட் முனை கீறியது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அஜிதா, எறங்கு மக்ளே. செல்லபாய், நீயும் எறங்கு."

"நாலு பேரு முன்னால என்ன செய்யுதியோ?" என்றாள் செல்லபாய்.

"தக்கலையில அம்மைக்குச் சொகமில்ல. இப்பமே போவணும்."

பொய். வேலை முடியாத வண்டி என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு பேர் இறங்கினால் வண்டி கொஞ்சம் உயரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். ஷில்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அஜிதாவும் செல்லபாயும் இறங்கினார்கள். ஷில்பாவைத் திரும்ப சீட்டில் உட்காரவைத்தார்.

"பைய போங்க, ஹரி" என்றார்.

ஷில்பா எங்களுக்கெல்லாம் டாட்டா காட்டினாள். தெருமுனையில் ஜீப் திரும்பும்போது அடியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஜீப் போன பிறகும் தாணுலிங்கம் அங்கேயே நின்றார்.

மத்தியானம் செய்தி வந்தது. எஸ்டேட் ரோட்டு வளைவில் முன் டயர் வெடித்து ஜீப் சரிவில் உருண்டுவிட்டது. மற்றவர்கள் கட்டுகளோடு திரும்பினார்கள். ஷில்பா திரும்பவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த செல்லபாய் அழவில்லை. வாசலிலேயே அவரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பிள்ளை உங்க கையில இருந்துதுல்லா? வெளிய தூக்கினியள்லா? பின்னே என்னத்துக்குத் திரும்ப ஏத்தி வெச்சிய?"

எதிர்வீட்டில் எனக்கும் கேட்டது.